ஏரிக்கரைக்கு ஆங்கிலப் பெயரா?

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் செல்வார் சேலையூரையொட்டி ஒரு சாலைச் சந்திப்பை அடைவர். ‘கேம்ப் ரோடு’ என்பதே மக்கள் நாவில் அதன் பெயர். பேருந்து நடத்துநரும் அவ்வாறே கூவுவார். பூ விற்கும் அம்மையாரும் அவ்வாறே சொல்வார். பள்ளியில் தமிழ்ப்பாடம் நடத்தும் ஆசிரியரும் தம் வீட்டுக்கு வழி கூறுங்கால் அவ்வாறே கூறுவார். அங்கிருந்து தெற்கே திரும்பினால் மாடம்பாக்கம். அச்சாலையின் இருமருங்கும் எழுந்துள்ள மனைப்பிரிவுகளின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே செல்லும் ஒருவர், தொண்டை நாட்டு ஏரிக்கரை ஊர் ஒன்றினுள் புகுகின்றோமா, இலண்டனை அடுத்த ஆங்கிலச் சிற்றூர் ஒன்றினுள் புகுகின்றோமா என்று ஐயுறுவர். கார்டன், அவென்யூ, என்கிளேவ், மெடோசு, லேக் வியூ! தோட்டத்தை வெட்டிய இடத்துக்குக் ‘கார்டன்’ என்று பெயர். புல் முளைக்கவும் இடமின்றிக் கற்காரை பரப்பிய இடத்துக்கு ‘மெடோசு’. தெருவிலுள்ளார் எவரும் ஏரியைக் காணவொட்டாமல் மறைத்து நிற்கும் அடுக்ககத்துக்கு ‘லேக் வியூ’.

இதனைச் சிறு செய்தியென்று தள்ளிவிடுவார் உளர். பெயரில் என்ன இருக்கின்றது என்பார் அவர். மாடம்பாக்கத்தைப் பொறுத்தவரை பெயரில் இருப்பது தண்ணீர்.

மாநகர் ஒன்றன் பக்கத்தில் சிற்றூராய் வாழ்வது எளிதன்று. மரத்தடியில் முளைத்த கன்றுக்கு நிழலும் உண்டு, வேர்ப்பகையும் உண்டு. மாடம்பாக்கத்துக்கு இவ்விரண்டும் வாய்த்தன. அது உழவூராய் இருந்து, பேரூராட்சியாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிற்று. பல்லாவரம், தாம்பரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என்னும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகிய மாநகராட்சி அது. எழுபது வட்டங்கள் கொண்டது. இப்பெயர்களையும் இவற்றைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தல் நன்று. சேலையூர், இராசகீழ்ப்பாக்கம், நூத்தஞ்சேரி, பதுவஞ்சேரி, அகரம்தென், வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை. ஒவ்வொரு பெயரும் நிலத்தையோ நீரையோ குடியையோ சுட்டி நிற்பது. சங்க நூல்களில் நெய்தல் நிலத்து ஊரைக் குறித்த ‘பாக்கம்’ என்னும் சொல், தொண்டை நாட்டில் உள்நாட்டு ஊர்களுக்கும் பரவி, ஈராயிரம் ஆண்டுப் பழமையோடு இன்றும் பேருந்துப் பலகையில் வாழ்கின்றது.

மாடம்பாக்கம் என்னும் பெயர்க்குக் காரணம் இருவகையாகக் கூறலாம். அவ்வூர்க் கோயிலின் தலக்கதை ஆவொன்றைப் பற்றியது. ஆகலின் மாடு என்னும் சொல்லோடு அதனைப் பொருத்துவர். மாடு என்பதற்குச் செல்வம் என்னும் பொருளும் பழந்தமிழில் உண்டு. மாடம் என்னும் சொல்லே முதலில் நிற்கின்றது என்று கொள்வாரும் கொள்ளலாம். அவர்க்குச் சான்றாக நிற்கத்தக்கது அக்கோயிலின் கருவறை. முன்புறம் நேராகவும் பின்புறம் வளைந்தும், படுத்துறங்கும் யானையின் முதுகுபோல் அமைந்த கற்றளி அது. இவ்வமைப்பைத் தமிழர் ‘தூங்கானை மாடம்’ என்றனர். வடமொழியில் ‘கசபிருட்டம்’ என்பார். சோழர் காலத்துக் கோயிலாகிய இது நடுவணரசின் தொல்லியல் துறைக் காப்பில் உள்ளது. அருணகிரியார் இவ்வூர் முருகனைத் திருப்புகழிற் பாடியுள்ளார். இறைவன் பெயர் மட்டும் ‘தேனுபுரீசுவரர்’ என வடமொழியாய் நிற்கின்றது. எக்காரணம் கொள்ளினும் ஊர்ப்பெயர் தமிழே. ஆனால் அதனை ஆங்கில எழுத்தில் எழுதிய பலகையை முதன்முதற் காணும் வெளிநாட்டார் ஒருவர், ஆங்கிலப் பெண்மணி ஒருத்தியின் பெயரால் அமைந்த ஊர்போலும் என எண்ணி ‘மேடம் பாக்கம்’ என்று படித்தால் அவரைக் குறை கூறுதற்கில்லை!

சென்னை இவ்வூரை நோக்கி வந்த வரலாறு சுவையானது. 1928இல் என்புருக்கி நோயாளர்க்கான மருத்துவமனை தாம்பரத்தில் மருத்துவர் சவுரிமுத்துவால் தொடங்கப்பெற்றது. நோயாளர்க்குத் தூய காற்று வேண்டும் என்பதற்காகவே அவ்விடம் தெரிந்துகொள்ளப்பட்டது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கிற்று. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கத்தை விட்டுத் தாம்பரத்துக் காட்டுப்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. 1984இல் ஏற்றுமதிக்கெனத் தனித் தொழில் வளாகம். 1985இல் விலங்குக்காட்சிச் சாலை வண்டலூரில் திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டின் இறுதியில் வெளியூர்ப் பேருந்து முனையம் கிளாம்பாக்கத்தில். நோயாளர், மாணவர், விலங்குகள், பேருந்துகள் எனத் தன்னிடத்தே வைத்துக்கொள்ள இடமில்லாத அனைத்தையும் சென்னை தெற்கே அனுப்பிக்கொண்டே இருந்தது. இறுதியாக வீடு கட்ட இடமில்லாத மக்களையும் அனுப்பியது.

அம்மக்களைப் பழித்தல் முறையன்று. மாடம்பாக்கத்தில் மனை வாங்கி வீடு கட்டினார் பலரும் செல்வர் அல்லர். நெல்லையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் முகவையிலிருந்தும் வேலை தேடிச் சென்னைக்கு வந்து, பத்துப் பதினைந்தாண்டு வாடகை வீடுகளில் ஒதுங்கி, இருபதாண்டுக் கடனில் ஒரு சிறு மனையைத் தம்முடையது என்று சொல்லும் பேறு பெற்றவர். வைகறையில் எழுந்து இருசக்கர வண்டியில் தாம்பரம் போய், அங்கிருந்து தொடர்வண்டியில் கிண்டிக்கோ எழும்பூருக்கோ போய், இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புபவர். பகலெல்லாம் நகரில் உழைத்து இரவில் உறங்குதற்கு மட்டும் வந்தடையும் இத்தகைய ஊரை ஆங்கிலர் தம் மொழியில் துயிற்கூட ஊர் என்பர். துயிலூர் என்று தமிழில் சொல்லலாம். துயிலூரில் வாழ்பவர்க்கு ஊரைப் பகலில் பார்க்கும் வாய்ப்பே அரிது; ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கிடைக்கும், அதுவும் துணி துவைக்கவும் மளிகை வாங்கவும் போய்விடும். ஏரியின் கலங்கல் எத்திசையில் உள்ளது என்று அவரை வினவினால் விடை இராது. அவர் குற்றமன்று அது, சொல்லுவார் இல்லை.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முகவையிலிருந்து வந்தவர் கண்மாய்க் கரையில் வளர்ந்தவர். நெல்லையார்க்குக் குளமும் மடையும் நாவில் ஊறிய சொற்கள். ஊருணி, ஏந்தல், தாங்கல், கேணி, ஓடை என்று தமிழகத்தின் ஒவ்வொரு மூலையிலும் நீருக்கு ஒரு பெயர் உண்டு. தம் சொந்த ஊரில் கண்மாய்க்குள் ஒருவன் வீடு கட்ட முனைந்தால் கல்லெடுத்து அடித்திருப்பார் அவர். அவரே இங்கு வந்து, ‘லேக் வியூ’ என்னும் பலகையின் கீழ், தாம் நிற்கும் இடம் வாய்க்காலா வரப்பா என்று வினவாமல் முன்பணம் கட்டுகின்றார். சொல் மாறியதும் அறிவும் மாறிற்று. ‘தாங்கல்’ என்னும் பெயருடைய மனையை வாங்க எந்தத் தமிழனும் ஒருமுறை தயங்குவான். மழைநீரைத் தாங்குவது தாங்கல் என்று அவன் செவியே அவனுக்குச் சொல்லிவிடும். ஆங்கிலப் பெயர் அத்தயக்கத்தை நீக்கிவிடுகின்றது. மனை விற்பவர்க்கு ஆங்கிலத்தின்பால் ஏன் இத்துணைக் காதல் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

தொண்டை நாடு ஏரி நாடு. வற்றாத பேராறு இல்லாத நாடு ஆகலின், பெய்யும் மழையைத் தேக்கியே அங்கு வேளாண்மை நடந்தது. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். சேலையூர் ஏரி நிரம்பி இராசகீழ்ப்பாக்கத்துக்கும், அது நிரம்பிச் செம்பாக்கத்துக்கும், பின் நன்மங்கலத்துக்கும் என இறங்கி, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பில் நீர் அடங்கும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் நீர் தெருவுக்குள் வரும். மாடம்பாக்கத்துப் பேரேரியோ இன்றும் உயிரோடிருக்கின்றது. ஏரிக்குள் அமைந்த கிணறுகளிலிருந்து மாடம்பாக்கத்தாரே அன்றி அண்டையூராரும் குடிநீர் பெறுகின்றனர். சரக்குந்துத் தண்ணீரை நம்பிக் கோடையைக் கடக்கும் தென்சென்னைப் புறநகரில் இது சிறு பேறன்று. ஆயினும் ஏரியைக் காக்கும் சொற்கள் ஊரை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றன. மதகு எது, தூம்பு எது, கலங்கல் எது, பாசனக்கால் எது, வடிகால் எது என்று பிரித்தறிந்தவர் முதியர் சிலரே. இளையார்க்கு அனைத்தும் ஒரே சொல், ‘டிரெய்னேசு’. ஊட்டும் வாய்க்காலையும் கழிவு கொண்டுசெல்லும் சாக்கடையையும் ஒரே சொல்லால் அழைக்கும் ஊரில், ஊட்டும் வாய்க்காலில் சாக்கடையைக் கலப்பது யாருக்கும் தவறாகத் தோன்றாது.

‘புறம்போக்கு’ என்னும் சொல்லுக்கு நேர்ந்த இழிவை நோக்குக. வரிக்குப் புறம்பாக ஊர்ப் பொதுவுக்கென விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களப் புறம்போக்கு என்று ஊராரின் பொதுச்செல்வம் முழுவதையும் குறித்த சொல் அது. இன்றோ அது வசைச்சொல். யார்க்கும் உதவாதவனைப் புறம்போக்கு என்று திட்டுகின்றனர். பொதுநிலத்தின் பெயர் வசையாகிய நாட்டில் பொதுநிலம் எஞ்சுமா?

இதனினும் கொடியது பள்ளிக்கரணையின் கதை. அப்பகுதி மக்கள் ‘கழிவெளி’ என்றழைத்த நீர்ப்பரப்பு அது. தென்சென்னையின் வெள்ளமெல்லாம் வந்து ஆறி அமர்ந்து கடலுக்குச் செல்லும் இடம். அரசுக் கணக்கில் அது பயனற்ற நிலம் என்னும் பெயர் பெற்றது. பயனற்றது என்று எழுதியபின் அங்கே மாநகரின் குப்பையைக் கொட்டுதல் எளிதாயிற்று. சாலை போடுதல் எளிதாயிற்று. கட்டடம் எழுப்புதல் எளிதாயிற்று. 1960களில் இருந்த பரப்பில் சிறுபங்கே எஞ்சியது. பின்னர் 2022இல்தான் ஈரநிலங்களுக்கான இராம்சார் பன்னாட்டுப் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. ஈரான் நாட்டு ஊரொன்றில் உருவான உடன்படிக்கை வந்து சொல்ல வேண்டியிருந்தது, கழிவெளி பயனுடையது என்று. அதனைக் ‘கழிவெளி’ என்றழைத்த மீனவரும் மேய்ப்பரும் அதனை என்றும் பயனற்றதாகக் கருதியதில்லை.

2015 திசம்பர் 2ஆம் நாள் காலையோடு முடிந்த இருபத்து நான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் மழை கொட்டிற்று. அடையாற்றுப் படுகையில் அமைந்த முடிச்சூரும் வரதராசபுரமும் நீரில் மூழ்கின. மாடிகளில் ஏறி நின்ற மக்களைப் படகில் மீட்டனர். அத்துணை மழை பெய்தால் எந்த ஊரும் தாங்காது என்பது உண்மையே. ஆனால் நீர் எங்கே முதலில் புகுந்தது, எங்கே கடைசியில் வடிந்தது என்று கேட்டறிந்தால், ஏரியும் தாங்கலும் கால்வாயும் இருந்த இடங்களையே மக்கள் சுட்டுவர். நீர் தன் பழைய பெயரை மறப்பதில்லை.

சென்னையின் நடுவிலேயே இதற்கு முன்னோடி உண்டு. மயிலாப்பூர்க்கும் நுங்கம்பாக்கத்துக்கும் இடையே நெடுந்தொலைவு பரந்திருந்த ஏரியைத் தூர்த்தே 1920களில் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்துக்கு இன்று ‘லேக் ஏரியா’ என்று பெயர்; ஏரி இல்லை, ஏரியா இருக்கின்றது. அவ்வேரி நிலத்திலேயே 1976இல் வள்ளுவர் கோட்டமும் திறக்கப்பட்டது. வான்சிறப்புக்குத் தனி அதிகாரம் வகுத்த பெருமானுக்கு, நீரிருந்த இடத்தை மேடாக்கி நினைவுச்சின்னம்! தமிழ்ப்பெயர் சூட்டியதால் மட்டும் ஒரு தவறு நேராகிவிடாது என்பதைத் தமிழன்பர்களே முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

இனி, எவர் பெயர்களைப் பலகையில் எழுதிப் பெருமை கொள்கின்றனரோ அந்த ஆங்கிலர் தம் சிற்றூர்களை எவ்வாறு வைத்துள்ளனர் என்று காண்போர் வியப்புறுவர். இலண்டன், உலகின் மிகப் பெரிய நகர்களுள் ஒன்றாய்ப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வீங்கிற்று. அவ்வீக்கத்தைக் கண்டு வருந்திய எபனேசர் ஓவர்டு என்பார், நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தராய்ப் பணியாற்றியவர். கட்டடக் கலைஞரும் அல்லர், செல்வரும் அல்லர். 1898இல் அவர் ஒரு சிறுநூல் எழுதினார். ஆறாயிரம் ஏக்கர் நிலம் வாங்குக. அதில் ஆயிரம் ஏக்கரில் மட்டும் ஊர் அமைக்க. எஞ்சிய ஐயாயிரம் ஏக்கரும் கழனியும் சோலையுமாய் என்றும் இருக்க. மக்கள்தொகை முப்பத்தீராயிரத்துக்கு மேற் போகாதிருக்க. ஊர் வளர்வதால் நிலத்துக்கு ஏறும் விலை ஊரார்க்கே சேர்க. இதுவே அவர் திட்டம். 1903இல் இலண்டனுக்கு வடக்கே இலெச்சுவொர்த்து என்னும் இடத்தில் அது செயலுக்கு வந்தது. நிலம் இன்றும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளது. அதன் வருவாய் ஊர்நலத்துக்கே செலவாகின்றது. மாடம்பாக்கத்தில் மனைவிலை ஏறியபோது அவ்வேற்றத்தில் ஒரு காசு ஏரிக்கரையைப் பலப்படுத்தச் சென்றதா என்பதை ஊரார் எண்ணிப் பார்க்கட்டும்.

இக்கதையில் தமிழர் கருதத்தக்க பகுதி இன்னொன்று. அப்புதிய ஊருக்கு ஓவர்டும் அவர் தோழர்களும் புதுப்பெயர் ஒன்றைத் தேடிச் செல்லவில்லை. 1086இல் வில்லியம் மன்னன் எடுப்பித்த நிலக்கணக்கிலேயே காணப்படும் பழஞ்சிற்றூரின் பெயர் இலெச்சுவொர்த்து. அதனையே வைத்துக்கொண்டனர். எண்ணூறு ஆண்டுப் பழம்பெயர் புதிய ஊர்க்குப் பெருமை என்று கருதினர். 1923இல் ஊர்ப்பெயராய்வுக்கென்றே ஒரு கழகம் நிறுவி, மாவட்டம் மாவட்டமாக, ஊர், ஓடை, வயல் வரை பெயர்களைத் தொகுத்து வெளியிட்டு வருகின்றனர். 1938இல் இலண்டனைச் சூழப் பசும்பட்டை காக்கும் சட்டம் செய்தனர். நகரம் அப்பட்டையைத் தாண்டிச் சிற்றூர்களை விழுங்கலாகாது என்பதே அதன் கருத்து. அங்கும் குறைகள் உள. பட்டைக்குள் வீட்டுவிலை ஏறி, அவ்வூரில் பிறந்த இளையரே அங்கு வாழ இயலாத நிலை பல ஊர்களில் உண்டு. ஆயினும் ஊர் ஊராய் நிற்கின்றது. பெயர் பெயராய் நிற்கின்றது. தமிழர் ஆங்கிலரிடமிருந்து கொண்டது ‘கார்டன்’ என்னும் சொல்லை. கொள்ளாது விட்டது ஐயாயிரம் ஏக்கர்த் தோட்டத்தை!

ஆங்கிலரைப் புகழ்வதற்கன்று இது. தம் ஊரைக் காத்த அவர் பிறர் ஊரைக் காத்தவரல்லர். வேல்சு நாட்டில் திரெவெரின் பள்ளத்தாக்கில் காப்பெல் கெலின் என்றொரு சிற்றூர் இருந்தது. வேல்சு மொழியே பேசிய ஊர். இலிவர்ப்பூல் மாநகர்க்குத் தண்ணீர் வேண்டும் என்று அணை கட்டி 1965இல் அவ்வூரை நீரில் ஆழ்த்தினர். பள்ளியும் வழிபாட்டு இல்லமும் இடுகாடும் நீருக்குள் போயின. வேல்சு மக்களின் உறுப்பினர் பெரும்பாலார் எதிர்த்தும் நாடாளுமன்றத்தில் அவர் குரல் எடுபடவில்லை. இலிவர்ப்பூல் நகர மன்றம் 2005இல் பொறுத்தருளுமாறு கேட்டது. மூழ்கிய ஊர் எழவில்லை. ஆனால் அந்நிகழ்ச்சி வேல்சு மக்களின் உறக்கத்தைக் கலைத்தது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய சாலைப் பலகைகளை இளைஞர் மையிட்டு அழித்தனர், சிறை சென்றனர். இன்று அந்நாட்டுச் சாலைகளில் வேல்சு மொழிப் பெயர் நிற்கின்றது. 2023இல் அந்நாட்டின் மலைப்பூங்கா ஒன்று தன் ஆங்கிலப் பெயரை விட்டுப் ‘பன்னாய் பிரகைனியோகு’ என்னும் தாய்மொழிப் பெயரையே தன் பெயராக அறிவித்தது. முப்பது நூறாயிரத்தினர் வாழும் சிறு நாடு அது. அவருள்ளும் வேல்சு பேசுவார் ஒரு பகுதியினரே.

மாடம்பாக்கத்தார்க்கு முன்மாதிரி தேடி வேல்சுக்குப் போகவும் வேண்டுவதில்லை. அவர்தம் மாநகராட்சிக்குள்ளேயே பல்லாவரம் உள்ளது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியப் பணியை விட்டு 1911இல் பல்லாவரம் வந்து குடியமர்ந்தவர் மறைமலையடிகள். அவரும் மாநகரை விட்டு அடுத்த சிற்றூரில் வாழ வந்தவர்தாம். வேதாசலம் என்னும் பெயரை மறைமலை என்றார். ‘ஞானசாகரம்’ என்னும் இதழை ‘அறிவுக்கடல்’ என்றார். 1916இல் தனித்தமிழ் இயக்கம் அவர் இல்லத்தில் பிறந்தது. அவர் வாழ்ந்த ஊர் அடங்கிய மாநகராட்சியில் ஒரு சாலைச் சந்திப்புக்குத் தமிழ்ப்பெயர் இல்லை. ஒரு தொடர்வண்டி நிலையத்துக்குப் பெயர் ‘சானடோரியம்’. சுடரடியில் இருள் என்பது இதுதான் போலும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுதலும் பொருந்தாது. 1969இல் நாட்டின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1996இல் தலைநகரின் பெயர் ஆங்கிலத்திலும் சென்னை ஆயிற்று. 2020 சூனில், 1018 ஊர்ப்பெயர்களைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுதும் ஆணை வெளியாயிற்று. நல்ல முயற்சி, ஆனால் எழுத்துக்கூட்டல் சரிவரச் சீர்தூக்கப்படவில்லை எனக் குறைகள் எழ, அம்மாதமே ஆணை திரும்பப் பெறப்பட்டது. திருத்தி வெளியிடுவதாகச் சொல்லித் திரும்பப் பெற்ற ஒன்று, நகைப்புக்கு அஞ்சிக் கிடப்பில் விடத்தக்கதன்று. ஆயினும், ஆங்கில எழுத்தில் தமிழ்ப்பெயரைச் செம்மையாக எழுதுவதினும் முற்பட்ட வேலை ஒன்று உண்டு. தமிழ்ப்பெயர் தமிழர் வாயில் இருத்தல் வேண்டும். அதற்கு ஆணை போதாது.

ஊராட்சியாயிருந்த காலத்தில் ஊரார் கூடிப் பேச ஓர் அவை உண்டு. நகராட்சி, மாநகராட்சி என்று உயர உயர, மக்களுக்கும் மன்றத்துக்கும் இடைவெளி அகலும். மாடம்பாக்கத்தின் குரல் எழுபது வட்டத்து மன்றத்தில் ஓரிரு குரலாய் ஒலிக்கின்றது. இதற்கு மாற்றாக 2022இல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கும் வட்டக் குழு, பகுதி அவை என்னும் முறை விதிகள் வாயிலாக வந்தது. பகுதி மக்கள் நேரிற் கூடித் தம் குறையையும் தேவையையும் தீர்மானமாக்கி மன்றத்துக்கு அனுப்பலாம். ‘பகுதி சபா’ என்றே அதனை அழைக்கின்றனர். பகுதி அவை என்றால் நா சுளுக்கிவிடாது. அது நிற்க. அம்முறையைப் பயன்கொள்ள முன்வந்த ஊர்கள் எத்தனை?

தொண்டை நாட்டுக்கு இது புதிதன்று. உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் ஏரிவாரியம் என ஏரிக்கென்றே ஒரு குழு இருந்ததைக் காட்டுகின்றன. குடவோலையால் தெரிந்தெடுக்கப்பட்ட குழு அது. ஓராண்டே அதன் ஆட்சி. கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் மீண்டும் உறுப்பினராக இயலாது. அது பார்ப்பனர் ஊர். நிலமும் மறைநூல் அறிவும் உடையார்க்கே அங்கு உறுப்பினராகும் உரிமை. உழுதவர்க்கு ஓலை இல்லை. அக்குறையை மறைத்துப் பெருமை பேசுதல் தகாது. ஆனால் ஏரியைக் காப்பது ஊரார் தம் கையில் வைத்துக்கொண்ட பொறுப்பு என்னும் முறைமை அங்கு இருந்தது. இன்று எல்லார்க்கும் வாக்கு உண்டு, ஏரிவாரியம் இல்லை.

‘கேம்ப் ரோட்டின் பெயரை மாற்றினால் வெள்ளம் வடிந்துவிடுமா?’ என்று நகையாடுவார் உளர். வடியாது. வாய்க்காலைத் தூர் வாரினாலன்றி எந்தப் பெயரும் வெள்ளத்தை வடிக்காது. ஆனால் எந்த வாய்க்காலைத் தூர் வாருவது, அது எங்கே தொடங்கி எங்கே முடிவது, அதன் அகலம் என்ன என்பதை அறிய முதலில் அதன் பெயர் வேண்டும். பெயரில்லாத வாய்க்காலுக்கு வழக்கு மன்றத்திலும் இடமில்லை. பெயர்ப்பலகைகளில் தமிழ் முதலிடமும் பெரிய எழுத்தும் பெறுதல் வேண்டும் என்று கடைகளுக்கு விதி இருக்கின்றது. மனைப்பிரிவுக்குப் பெயர் சூட்டுங்கால் அந்நிலத்தின் பழம்பெயரையே சூட்டுதல் வேண்டும் என்று ஒரு விதி செய்தால் என்ன குறை? வாங்குபவர் தாம் வாங்குவது மேடா பள்ளமா என்று பலகையைப் படித்தே அறிவார். விற்பவர் எதிர்ப்பாராயின், அவர் ஏன் எதிர்க்கின்றார் என்பதும் அன்றே விளங்கிவிடும்.

செய்தற்குரியதைச் செய்யக் காலம் மிகுதியாக இல்லை. மாடம்பாக்கத்திலும் நூத்தஞ்சேரியிலும் பதுவஞ்சேரியிலும் ஏர் பிடித்த கைகள் இன்னும் சில உள. அவர்கள் எழுபதைக் கடந்தவர். எந்த வயலுக்கு என்ன பெயர், எந்த மதகு எப்போது திறக்கும், கலங்கல் வழிந்தால் நீர் எந்தத் தெரு இருந்த இடத்தில் ஓடும் என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வர். பழைய விற்பனை ஆவணங்களில் நான்கெல்லை கூறும் இடத்தில் அப்பெயர்கள் எழுத்திலும் உள. ஊரிலுள்ள பள்ளி மாணவர் பத்துப்பேரும் ஆசிரியர் ஒருவரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்கினால் அவற்றைத் தொகுத்துவிடலாம். முதியவர்களுடன் ஏரிக்கரையை ஒருமுறை நடந்தே சுற்றி வந்து, அவர் சொல்லும் ஒவ்வொரு பெயரையும் ஊர்ப்படத்தில் அவ்வவ்விடத்தில் குறித்தல் வேண்டும். புதிதாய்க் குடியேறியவரும் உடன் செல்லட்டும்; கண்மாய்க்கரையில் வளர்ந்த அவர்க்கு இது வேற்றுவேலையன்று. அப்படத்தின் படியொன்று பகுதி அவையில் வைத்துத் தீர்மானமாகி மாநகராட்சிக்குச் செல்லட்டும். மற்றொன்று ஏரிக்கரையில், வருவோர் போவோர் அனைவரும் காணுமாறு, தமிழில் எழுதி நிறுத்தப்படட்டும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்கும். ஆவணிக்குள் இதனை முடித்தல் நலம்.